படத்தில் அவர்கள் சாப்பிடும்போது

என் அக்கா மகளைப் பற்றி யாராவது "பாவம்" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்ன பாவம்? ஆஸ்பத்திரிச் சமையலறையில் நின்று நின்று காலில் நரம்பு சுருட்டிக்கொண்டவள், தம்பியையும் தங்கையையும் ஆளாக்கியவள், மாதம் தவறாமல் அவர்களை வரவழைத்துப் படம் போட்டு, படத்துக்கேற்ற சாப்பாடும் போட்டு வீட்டையே கல்யாண வீடாக்கியவள். அவளுக்காகப் பாவப்பட வேண்டாம். ஆத்திரப்பட வேண்டும். எனக்கு அது நன்றாக வரும்.

வீட்டில் அவளுக்குப் பெயர் பெரியவள். நான் அவள் அம்மாவின் தங்கை. எங்களுக்குள் வயது வித்தியாசம் அதிகமில்லை, ஆனாலும் சித்தி சித்திதான். இரண்டு தெரு தள்ளி எனக்கு ஒரு தையல் கடை இருக்கிறது. புதிதாகத் தைப்பதைவிடப் பழையதைப் பிரிப்பதுதான் அங்கே அதிகம். பருத்தவர்களுக்கு இடுப்பை விட்டுத் தருவேன், இளைத்தவர்களுக்குப் பிடித்துத் தருவேன், சம்பந்தமில்லாமல் யார் எதற்கு இளைத்தார்கள் என்றும் கேட்டுத் தெரிந்துகொள்வேன். நாக்கு சும்மா இருக்காது.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை பெரியவளுக்கு விடுமுறை. மதியம் சாய்ந்ததும் கடையைச் சாத்திவிட்டு அங்கே போய்விடுவேன். கூடத்து ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு இருட்டாக்கி வைத்திருப்பாள். தம்பியும் அவன் மனைவியும் வருவார்கள். தங்கையும் அவள் புருஷனும் வருவார்கள். சோபா அவர்களுக்கு, கதவோரத்து நாற்காலி எனக்கு. பெரியவளுக்கு இடம் சமையலறையில்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. படத்தில் யாராவது சாப்பிட்டால்தான் நமக்கும் சாப்பாடு. அவர்கள் என்ன சாப்பிடுகிறார்களோ அதுதான், அந்த மாதிரித் தட்டில்தான், அதே நேரத்தில்தான். அதற்கு முன்னால் ஒரு கடலைகூடக் கிடையாது. திரையில் ஒருவன் ரொட்டியைப் பிய்க்கக் கையை நீட்டுவான், சமையலறைக் கதவு திறக்கும், நம் மடியில் ரொட்டி வந்து உட்காரும். முதல் தடவை பார்ப்பவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

சிறைச்சாலைப் படம் ஒன்று. அதற்காகப் பழைய சாமான் கடையில் அலுமினியத் தட்டுகளை வாங்கி, சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி நசுக்கி வைத்திருந்தாள். அதில் தண்ணீர் மாதிரி ஒரு சூப், உள்ளே இரண்டு பீன்ஸ் மிதக்கும். தங்கை புருஷன் பசி தாங்காத ஆள். அவனை நாங்கள் மாப்பிள்ளை என்போம். "அண்ணி, இவன் எப்பதான் தப்பிச்சுப் போவான்?" என்று கெஞ்சாத குறை. கைதி சுவர் ஏறிக் குதித்து, ஆற்றங்கரையில் மீனைச் சுட்டுத் தின்றபோதுதான் எங்களுக்கும் முழு மீன் வந்தது. அன்றைக்கு அந்தக் கைதி விடுதலையானதற்கு மாப்பிள்ளை கைதட்டினான். கதைக்காக இல்லை, மீனுக்காக.

பாலைவனப் படத்துக்குப் பேரீச்சம்பழமும், மண் நிறத்தில் நான் தைத்த விரிப்பும். பனி நாட்டுப் படத்துக்கு எல்லாமே வெள்ளை: வேகவைத்த முட்டை, உருளைக்கிழங்கு மசியல், வெள்ளைக் கிண்ணம், வெள்ளைத் துண்டு. தம்பி மனைவி ஒவ்வொன்றையும் போனில் படம் பிடித்துத் தன் சிநேகிதிகளுக்கு அனுப்புவாள். "எங்க வீட்டு சினிமா" என்று எழுதுவாளாம். எங்க வீடாம்! ஒரு வெங்காயம் உரித்துக் கொடுத்திருப்பாளா?

இந்தச் சட்டம் எப்படி வந்தது என்றால், அது அழுகையிலிருந்து வந்தது. என் அக்காவும் அவள் வீட்டுக்காரரும் ஒரே விபத்தில் போய்விட்டார்கள். பெரியவள் அப்போதுதான் படிப்பை முடித்திருந்தாள். தம்பி பள்ளிக்கூடத்தில், தங்கை இன்னும் சின்னது. அந்தச் சின்னது வாயைத் திறக்கவே மாட்டேன் என்றது. கெஞ்சினோம், மிரட்டினோம், நான் ஒரு அடிகூட வைத்தேன். ஒரு பருக்கை இறங்கவில்லை. ஒரு நாள் டிவியில் ஏதோ படம் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு பெண் கிண்ணத்தில் பெரிய கரண்டி போட்டு சூப் குடித்தாள். பெரியவள் ஓடிப்போய் இருந்த குழம்பையும் தண்ணீரையும் கலந்து சுடவைத்து, அதே மாதிரிக் கிண்ணம், அதே மாதிரிப் பெரிய கரண்டி, கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையில் அந்தப் பெண் வாயைத் திறந்தபோது இதுவும் திறந்தது. அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்தப் பிள்ளைக்குச் சோறு ஊட்ட ஊரில் உள்ள படமெல்லாம் தேடினாள் பெரியவள்.

சம்பாத்தியத்துக்கு ஆஸ்பத்திரிச் சமையலறை. விடியும் முன்னே போக வேண்டும். அங்கே நகரும் பட்டையில் தட்டுகள் வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு: உப்பு போடாதது, அரைத்தது, சர்க்கரைக்காரருக்கு, பல் இல்லாதவருக்கு. வரிசையின் கடைசியில் பெரியவள். மூடியைத் திறந்து, சீட்டைப் பார்த்து, சரி என்றால்தான் தட்டு மாடிக்குப் போகும். யார் சாப்பிடப் போகிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. திரும்பி வரும் தட்டைப் பார்த்துத்தான் ஆளைக் கண்டுபிடிப்பாள். "மூணாவது மாடியில யாரோ அழுதுக்கிட்டே சாப்பிட்டிருக்காங்க சித்தி. ரொட்டியை பிச்சு பிச்சு வச்சிருக்காங்க, தின்னல" என்பாள். அதற்கு ராத்திரியெல்லாம் வருத்தப்படுவாள், பைத்தியக்காரி.

அந்த ஆஸ்பத்திரி மருந்துக் கடையில் இருந்த ஒருவன் அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று என்னிடம் வந்து கேட்டான். நல்ல பையன், நிமிர்ந்து பேசுவான். "தம்பி தங்கச்சியை ஹாஸ்டல்ல சேத்துடலாம், செலவை நான் பாத்துக்கறேன்" என்றான். இவள் கேட்டுவிட்டு, "ஹாஸ்டல்ல இவ எப்படிச் சாப்பிடுவா சித்தி? அங்க படம் போடுவாங்களா?" என்றாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அந்தப் பையன் வேறு இடத்தில் கட்டிக்கொண்டு போய்விட்டான். இவள் அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை.

பிள்ளைகள் வளர்ந்தார்கள். தம்பி டிவி, பிரிட்ஜ் விற்கும் கடையில் மேலாளர் ஆனான். தங்கை பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்தாள். இருவருக்கும் கல்யாணம் முடித்துத் தனித்தனியே அனுப்பி வைத்தாள். அம்மா அப்பா விட்டுப்போன அந்தப் பழைய வீட்டில் ஒண்டியாக நின்றவள், மாதம் ஒரு சனிக்கிழமை என்று ஆரம்பித்தாள். "எனக்கு வேற என்ன இருக்கு சித்தி? அவங்க ஒரு நாள் ஒண்ணா வந்து என் கையால சாப்பிட்டா, மீதி நாளெல்லாம் அப்படியே ஓடிடும்" என்பாள். அந்த ஒரு நாளுக்காகத்தான் அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். இது அந்த இரண்டு பேருக்கும் தெரியும். தெரியாது என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இவ்வளவு படம் போட்டாளே, ஒரு படத்தையாவது அவள் பார்த்தது கிடையாது. எந்தப் படம் என்பதைத் தம்பியோ தங்கையோ முடிவு செய்து சொல்வார்கள். இவள் வேலை முடிந்து வந்து, ரிமோட்டைப் பிடித்து முழுப் படத்தையும் வேகமாக ஓட்டுவாள். அப்படி ஓட்டினால் பேச்சு கேட்காது. ஆட்கள் குடுகுடுவென்று ஓடுவார்கள், தட்டு தெரிந்தால் மட்டும் நிறுத்துவாள். கிட்டே போய்க் கண்ணை இடுக்கிக்கொண்டு, கிண்ணம் என்ன நிறம், கறி எந்தப் பக்கம், கரண்டியா கையா என்று பார்ப்பாள். மறுபடி ஓட்டுவாள். படம் போடும் அன்றோ அடுப்பு முன்னால். சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, இத்தனை நேரத்தில் இது என்று கணக்காகக் கதவைத் திறப்பாள், வைப்பாள், உள்ளே போவாள். கதை என்னவென்று கேட்டால் முழிப்பாள். ஒரு படத்தில் நாலு பேரைக் கொன்றவனைப் பற்றி, "அந்த மீசைக்காரர் ரொம்ப நல்லவர் போல. தட்டைச் சுத்தமா வழிச்சுச் சாப்பிட்டாரு" என்றாள். நாங்கள் சிரித்துச் சிரித்துப் புரையேறியதுதான் மிச்சம்.

அந்த மாதம் தம்பி போன் செய்தான். இவள் போனைக் கையில் பிடித்தபடியே என் கடைக்கு ஓடி வந்தாள்.

"சித்தி, இந்தத் தடவை என்னையே படம் தேர்ந்தெடுக்கச் சொல்லிட்டான். 'உனக்குப் பிடிச்சதைப் போடுக்கா, எங்களுக்கு எதுவா இருந்தாலும் சரி'ன்னு சொல்றான்."

"இத்தனை வருஷத்துக்கு இப்பதான் தோணுச்சாக்கும் துரைக்கு."

"படம் முடிஞ்சதும் ஒரு விஷயம் பேசணுமாம்." குரலைத் தாழ்த்தினாள். "தங்கச்சிக்கு விசேஷமா இருக்கும் சித்தி. இல்லன்னா எதுக்கு எல்லாரும் சேர்ந்து சொல்லணும்? போன தடவை அவ மீனைத் தொடவே இல்ல, கவனிச்சீங்களா?"

நான் கவனிக்கவில்லை. நான் கவனித்தது வேறு. போன தடவை தம்பி அந்த வீட்டுச் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தான், மொட்டை மாடிக்கு ஏறிப்போய் நெடுநேரம் நின்றான். மழைக்கு முன்னால் ஓட்டை உடைசல் பார்க்கிறான், அக்கா மேல் இவ்வளவு கரிசனமா என்று நானே மெச்சிக்கொண்டேன். என் புத்தியை என்ன சொல்ல!

வாரம் முழுக்க அவள் படம் தேடினாள். ஒரு சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, நிறுத்தி வைத்திருந்த படத்தைக் காட்டினாள். பெரிய மரத்தடியில் நீளமான மேசை. தலைப்பக்கத்தில் நரைத்த ஒரு பெரியவர். இருபுறமும் மகன்கள், மகள்கள், மருமக்கள். நடுவில் முழுசாகச் சுட்ட கோழி, வட்டமான பெரிய ரொட்டி, கொத்தாகத் திராட்சை. எல்லோர் முகத்திலும் சிரிப்பு.

"எவ்வளவு பேர் பாருங்க சித்தி. யாராவது ஒருத்தர் மூஞ்சியாவது சுளிச்சிருக்கா? இந்த மாதிரி நாளுக்கு இதுதான் படம்."

"கதை என்னடி?"

"குடும்பக் கதைதான். வேற என்ன?"

மேசைக்குக் கட்டம் போட்ட துணி வேண்டும் என்றாள், படத்தில் இருப்பது மாதிரியே சிவப்பும் வெள்ளையும். என் கடையில் இருந்த துண்டுகளை ஒட்டுப் போட்டுத் தைத்துக் கொடுத்தேன். ரொட்டியை மூன்று தடவை சுட்டாள், வட்டம் சரியாக வரவில்லை என்று. கூடத்தில் சோபாவை நகர்த்திவிட்டு நீள மேசை போட்டாள். ஜன்னலோரம் இலையோடு கிளைகளைக் கட்டி மரத்தடி ஆக்கினாள். தங்கைக்கு மட்டும் முதுகுக்குத் தலையணை. "அவளுக்கு இப்ப சாஞ்சு உக்காரணும்" என்றாள். அவள் முகத்தை அன்றைக்கு நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

வந்தார்கள். வழக்கமான கலகலப்பு இல்லை. தம்பி மனைவி போனைக்கூட எடுக்கவில்லை. மாப்பிள்ளை, "இன்னைக்கு எத்தனை வேளை அண்ணி?" என்று கேட்டான், அதிலும் சுரத்து இல்லை. "ஒரே வேளைதான் மாப்பிள்ளை, ஆனா விருந்து!" என்று சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குள் போனாள். படம் ஓடத் தொடங்கியது.

படத்தில் ஒரு கார் வந்துகொண்டிருந்தது. உள்ளே அந்தப் பெரியவரின் பிள்ளைகள். மூத்தவன் சொல்கிறான்: "முதல்ல அப்பா சாப்பிடட்டும். வயிறு நிறைஞ்சிருந்தா கோபம் வராது. அப்புறம் வீட்டை விக்கிற விஷயத்தைச் சொல்லலாம்." மகள் கேட்கிறாள்: "அப்பாவை எங்க விடறது?" "அதுக்கு ஒரு இடம் பாத்தாச்சு" என்கிறான் அவன்.

நம் கூடத்தில் ஒருவரும் அசையவில்லை. தம்பி மனைவி தம்பியைப் பார்த்தாள். தங்கை தன் புருஷன் கையைப் பிடித்து அழுத்தினாள். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. இதென்ன சாவு வீடு மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். படத்தில் எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள், சிரித்தார்கள். பெரியவர் கத்தியை எடுத்தார். சமையலறைக் கதவு திறந்தது.

இரண்டு கையிலும் தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு, நடுவில் கோழி ஆவி பறக்க, முகமெல்லாம் பல்லாக வந்தாள் பெரியவள். "உக்காந்துட்டாங்க பாருங்க! எல்லாரும் மேசைக்கு வாங்க!"

தம்பி எழுந்து படத்தை நிறுத்தினான்.

"போதும்க்கா."

"என்னடா போதும்? இப்பதானே ஆரம்பிக்குது."

"தெரிஞ்சுடுச்சுன்னா நேரா கேட்டிருக்கலாம். இப்படிப் படம் போட்டுக் குத்திக் காட்டணுமா?"

"என்னடா தெரிஞ்சுது?"

"நடிக்காதக்கா" என்றாள் தங்கை. "சித்தி சொல்லியிருப்பாங்க. அவங்க கடையில வந்து போறவங்ககிட்ட வாயைக் கிளறியிருப்பாங்க."

"அடியே, எனக்கு என்னடி தெரியும்? என்னை எதுக்கு இழுக்கறே?" என்று நான் எகிறினேன்.

தம்பி மனைவி நடுவில் புகுந்தாள். அவளுக்குப் பூசி மெழுகுவதில் கெட்டிக்காரி என்று நினைப்பு. "அண்ணி, உங்களை நடுத்தெருவுலயா விட்டோம்? உங்களுக்கு ஆஸ்பத்திரி பக்கத்துலயே ஒரு ரூம் பாத்து வச்சிட்டுத்தானே வீட்டுக்கு ஆள் பேசினோம்? சாப்பிட்டதும் நிதானமா சொல்லலாம்னுதான் இருந்தோம்."

"வீட்டுக்கு ஆளா?" என்றாள் பெரியவள். தாம்பாளம் இன்னும் கையில்தான் இருந்தது.

மாப்பிள்ளைதான் மெதுவாகக் கேட்டான். "அண்ணி, நீங்க இந்தப் படத்தைப் பாத்துட்டுத்தானே போட்டீங்க?"

"பாத்தேன். எல்லாரும் சிரிச்சாங்க."

எனக்கு அப்போதுதான் எல்லாம் ஒன்றாக உறைத்தது. "ஓட்டி ஓட்டித் தட்டை மட்டும் பாக்கறவடா அவ!" என்று கத்தினேன். "அவ ஒரு படத்துக்காவது கதை கேட்டிருக்காளா? உங்க குட்டு உங்க வாயாலேயே வெளிய வந்துது. படத்து மேல பழியைப் போடாதீங்க!" தம்பியின் முகம் சுருங்கிப்போனது. சொல்லவே வேண்டியிராத இடத்தில் போட்டு உடைத்துவிட்டோம் என்று புரிந்த முகம் அது. வெட்கப்பட்ட முகம் என்று நினைத்துவிடாதீர்கள்.

பெரியவள் தாம்பாளத்தை மேசையில் வைத்தாள். தங்கையைப் பார்த்தாள். "அப்ப உனக்கு விசேஷம் ஒண்ணும் இல்லையா?"

தங்கைக்குப் புரிய ஒரு நொடி பிடித்தது. முதுகில் வைத்திருந்த தலையணையைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு ஓவென்று அழுதாள். "அழாதே, அழாதே. கோழி ஆறுது" என்றாள் பெரியவள். இப்படி ஒரு பெண்ணை நான் என்ன செய்வது?

தம்பி என்னென்னவோ சொன்னான். சொந்தமாகக் கடை வைக்கப் போகிறானாம், இப்போது விட்டால் அந்த இடம் கிடைக்காதாம். தங்கைக்கு வீடு சின்னதாம். இந்த வீடு எப்படியும் இடிந்து விழப்போகிறதாம், ஒரு ஆளுக்கு எதற்கு இத்தனை பெரிய வீடாம். எல்லாம் நியாயம்தான், பங்கு மூவருக்கும் உண்டுதான். ஆனால் அந்தச் சுவர் நின்றது யாரால் என்று ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. நான் திறந்தேன். "சித்தி, நீங்க சும்மா இருங்க" என்றான். நான் சும்மா இருக்கவில்லை, ஆனால் அதனால் ஒன்றும் ஆகவுமில்லை.

பெரியவள் தம்பி உட்கார்ந்திருந்த இடத்தில் போய் உட்கார்ந்தாள். அந்தக் கூடத்தில் படம் பார்க்க அவள் உட்கார்ந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். "ஓட விடுடா" என்றாள். "அந்தப் பெரியவர் என்ன சொன்னார்னு கேக்கணும்."

ஓட விட்டான். வேறு என்ன செய்வான்? மேசையில் கோழி இருந்தது, ரொட்டி இருந்தது, யாரும் தொடவில்லை. படத்தில் பிள்ளைகள் விஷயத்தைச் சொன்னார்கள். பெரியவர் எழுந்து போய் மரத்துக்குப் பின்னால் நின்று அழுதார். அப்புறம் ஏதேதோ நடந்து, கடைசியில் திரும்பி வந்து, சாவியை மூத்தவன் கையில் வைத்து அவனைக் கட்டிக்கொண்டார். எல்லோரும் கட்டிக்கொண்டார்கள். கார் போனது, மரம் நின்றது, பாட்டு வந்தது. பெரியவள் கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்க்கா" என்றான் தம்பி. "நல்லபடியாத்தானே முடிஞ்சுது."

"எங்கடா நல்லபடியா? இந்த மரத்தடிக்கு அப்புறம் அவர் சாப்பிடற இடம் ஒண்ணுகூட இல்ல. நான் கடைசி வரைக்கும் ஓட்டிப் பாத்தேனே. ஒரு டீகூட குடிக்கல அவர்."

அவளே எழுந்து கோழியை அறுத்தாள். ஒவ்வொருவர் தட்டிலும் வைத்தாள். "வீட்டை வித்துக்கோங்க. எங்க கையெழுத்து போடணுமோ சொல்லுங்க, போடறேன். ஆனா சனிக்கிழமையை விட்டுடாதீங்க. அந்த ரூம் சின்னதா இருந்தாலும் வரணும்."

"உனக்கென்ன பைத்தியமா?" என்று அவள் கையைக் கிள்ளினேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"கண்டிப்பா வருவோம்க்கா." "இது என்னக்கா கேக்கணுமா?" "வராம எங்க போவோம் அண்ணி?" என்று ஆளுக்கு ஒன்றாகச் சொன்னார்கள். என்ன வேகம்! சொல்லிவிட்டு நன்றாகச் சாப்பிட்டார்கள். மனசு லேசானால் பசிக்குமே. மாப்பிள்ளை இரண்டாவது காலையும் எடுத்துக்கொண்டான். மிச்சத்தைத் தம்பி மனைவி டப்பாவில் போட்டு எடுத்துப் போனாள். என் தட்டை நான் தள்ளி வைத்துவிட்டேன்.

இப்போது பெரியவள் இருப்பது ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு கட்டடத்தில் மூன்றாவது மாடி. ஒரே அறை. ஜன்னலைத் திறந்தால் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து ஆவி உள்ளே வரும், ஈரத் துணியும் மருந்தும் கலந்த வாடை. மூலையில் அடுப்பு. பழைய வீட்டு டிவி ஒரு சுவரையே அடைத்துக்கொண்டது. சோபா படியேறவில்லை, கீழேயே யாருக்கோ கொடுத்துவிட்டாள்.

முதல் மாதம், "சாமானெல்லாம் ஒழுங்கு பண்ணுக்கா, அடுத்த தடவை வர்றோம்" என்றார்கள். அடுத்த மாதம் தம்பியின் புதுக் கடைத் திறப்பு. அதற்கடுத்த மாதம் வருகிறோம் என்று தங்கையே போன் செய்து சொன்னாள். பெரியவள் கலங்கரை விளக்கக் காவல்காரன் படம் ஒன்றைப் பிடித்து வைத்திருந்தாள். "அதுல ஒரே ஒரு குட்டி ரூம்தான் சித்தி. படத்துலயும் இடுக்கு, இங்கயும் இடுக்கு. யாருக்கும் இடம் பத்தலன்னு தோணாது." என்னிடம் கடல் நிறத்தில் திரை கேட்டாள், தைத்துக் கொடுத்தேன். மீன் சூப், கறுத்த ரொட்டி, தகரக் குவளைகள். தரையில் பாய் விரித்து ஆளுக்கொரு கிண்ணம் வைத்து, ஆறாமல் இருக்கத் தட்டுப் போட்டு மூடினாள்.

நேரம் ஆனது. "படத்தைப் போட்டுடலாம் சித்தி. சாப்பாடு வர்றதுக்குள்ள வந்துடுவாங்க" என்றாள். போட்டோம். படிக்கட்டில் காலடி கேட்கும்போதெல்லாம் கதவைப் பார்த்தாள். காலடி எல்லாம் அடுத்த வீட்டுக்குப் போனது. படத்தில் புயல் ஓய்ந்தது. காவல்காரன் கரைக்கு ஒதுங்கியவர்களை உட்கார வைத்து சூப் ஊற்றினான். கரண்டியை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனான். பெரியவள் நிறுத்திவிட்டாள். அவன் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றான்.

"வரட்டும். வந்ததும் ஓட விடலாம்."

போன் அடித்தது. தம்பி மனைவி. அந்தச் சின்ன அறையில் அவள் பேசியது எனக்கும் நன்றாகக் கேட்டது. "அண்ணி, தப்பா நினைச்சுக்காதீங்க. எல்லாரும் இவரு கடையிலதான் இருக்கோம். சுவர் அளவுக்குப் புது டிவி வந்திருக்கு, போட்டுப் பாத்துக்கிட்டே உக்காந்துட்டோம். அடுத்த மாசம் கண்டிப்பா வர்றோம். ஒரு நிமிஷம், ஒரு சந்தேகம் அண்ணி. அந்தச் சிறைச்சாலைப் படத்தைத்தான் மறுபடி போட்டிருக்கோம். அவன் மீன் சாப்பிடற இடம் எப்ப வரும்? உங்க வீட்டுச் சட்டப்படி அதுக்குள்ள ஆர்டர் பண்ணணுமாம், மாப்பிள்ளை உயிரை வாங்கறாரு." பின்னால் எல்லோரும் சிரிப்பது கேட்டது.

போனைப் பிடுங்கி நாலு வார்த்தை கேட்கக் கையை நீட்டினேன். பெரியவள் என் கையைத் தடுத்தாள். கடிகாரம் பார்க்காமலேயே சொன்னாள்.

"சுவர் ஏறிக் குதிப்பான் இல்லையா, அதுக்கப்புறம் நாய்கள் துரத்தும். அப்புறம் ஆறு வரும். ஆறு வந்ததும் தயாரா இருங்க. மீனுக்கு எலுமிச்சை கேட்டு வாங்குங்க. தங்கச்சிக்கு அது இல்லாம இறங்காது."

போனை வைத்தாள். மூடிய கிண்ணங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றைத் திறந்து என் முன்னால் நகர்த்தினாள். "நீங்க சாப்பிடுங்க சித்தி."

"நீ?"

அவள் திரையைப் பார்த்தாள். காவல்காரன் இன்னும் வாயைத் திறந்தபடிதான் இருந்தான், கரண்டி பாதி வழியில்.

"படத்தை ஓட விடுடி" என்றேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. "அவனாவது சாப்பிடட்டும்."

"வேணாம் சித்தி. இந்தப் படத்துல சாப்பாடு இது ஒண்ணுதான். ஓட விட்டா முடிஞ்சிடும்."